நூற்று மூன்று

கம்பெனி வைத்துக் கொடுத்தது ஒரு விளக்கு மட்டும்.
சிவப்பு. மிளகளவு.
எல்லாம் முடிந்த பின்
துக்கம் விசாரிக்க வருகிற ஆள் மாதிரி எரியும்.
போன வருடம் ஒன்பதாவது கொண்டை ஊசியில்
அது எரிந்தபோது
ஹெட் கேஸ்கெட் போயிருந்தது.
பதினெட்டாயிரம். டோயிங் தனி.

அதனால்தான்
செவ்வாய்ப்பேட்டையில் ஜபருல்லா பட்டறையில்
அரை நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.
"புது வண்டியிலேயே இப்ப முள்ளு கெடையாதுங்க்கா.
லேசா ஆடினாக்கூட
ஷோரூமுக்கு ஓடியாந்துர்றாங்க ஜனங்க.
அதான் எடுத்துட்டான்."
சொல்லிக்கொண்டே
ரேடியேட்டரின் மேல்குழாயை அறுத்தார்.
பச்சைத் தண்ணீர் அவர் முழங்கை வரை ஒழுகியது.
அறுத்த இடத்தில் ஓர் அலுமினியத் துண்டு,
அதன் வயிற்றில் பித்தளை சென்சார்,
மரையில் டெஃப்லான் மூன்று சுற்று.

ஏசி துவாரத்துக்குக் கீழே
ஐம்பத்திரண்டு மில்லிமீட்டரில் வட்டம்.
ஹோல்சா சுற்றியபோது திரும்பிக்கொண்டேன்,
காது குத்தும் ஆசாரியிடம்
பிள்ளையைப் பிடித்துக்கொண்டு
தெருவைப் பார்ப்பவளைப் போல.

மீட்டர் சற்றுச் சாய்ந்துதான் உட்கார்ந்தது.
இருக்கட்டும் என்றேன்.

"கெளம்புனதும் தூங்கும்.
எண்பத்திரெண்டுல தெர்மோஸ்டாட் தெறந்ததும்
எந்திரிச்சு உக்காரும்.
நூறு வரைக்கும் போகட்டும், விடுங்க.
நூத்தஞ்சைத் தாண்டினா ஹீட்டரப் போட்டுருங்க."
மே மாசத்திலயா?
"இஞ்சின் சூட்டுல கொஞ்சம்
நீங்க வாங்கிக்கணும். வேற வழியில்ல."

வெள்ளிக்கிழமை
பக்கத்து சீட்டில் தேவசகாயம்.
அப்பா பெயரில் மஞ்சக்குட்டைப் பக்கம்
முக்கால் ஏக்கர் காப்பி,
அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும்.
என் தம்பியும் நானும் பேசி
மூன்று வருடமாகிறது.
கோரிமேடு வரை அவன் ஜன்னலைப் பார்த்தான்,
நான் சாலையைப் பார்த்தேன்.
அடிவாரம் செக்போஸ்ட்டில்
முள் எழுந்து உட்கார்ந்தது.

மூன்றாவது வளைவு, எண்பத்தெட்டு.
ஐந்தாவதில் தொண்ணூறு.
முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ்,
ஏறவும் மாட்டாமல் ஒதுங்கவும் மாட்டாமல்.
முதல் கியரிலேயே ஊர்ந்தோம்.
பஸ்ஸின் பின்கண்ணாடியில்
ஒரு குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

பதினொன்றில்
"நூத்தி மூணு" என்றான் சகாயம்.

மூன்று வருடத்துக்குப் பிறகு
அவன் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.
"தெரியுது" என்றேன்.
அதுவும் பதில்தான் என்று
பன்னிரண்டாவது திருப்பத்தில்தான் உறைத்தது.

நூற்றாறில் ஹீட்டரைத் திருகினேன்.
செங்கல் சூளை வாயைத் திறந்த மாதிரி
காலடியிலிருந்து வந்தது.
அவன் எதற்கு என்று கேட்கவில்லை.
கண்ணாடியை இறக்கினான்.
சட்டைக் காலரைத் தளர்த்தினான்.
பத்திர நகல் இருந்த கவரால்
முதலில் தனக்கு,
பிறகு மீட்டருக்கு
விசிறினான்.
"அதுக்கு எதுக்குடா?"
சிரிக்கவில்லை. சிரிக்க இருந்தான்.
"நூத்தி நாலு." ஒரு வளைவு.
"நூத்தி ஒண்ணு." இன்னொன்று.
பதினேழில் சவுக்கு ஓக் நிழல் விழுந்ததும்
"தொண்ணூத்தேழு" என்றான்,
காய்ச்சல் இறங்கியதைச் சொல்லும் நர்ஸ் குரலில்.

கையெழுத்துப் போட்டோம்.
வடக்குப் பாதி யாருக்கு என்பதில்
மறுபடி முகம் இறுகிவிட்டது அவனுக்கு.
எனக்கும்தான்.
ஏரிக்கரை ஸ்டாண்டில்
சேலம் பஸ் நின்றிருந்தது. ஏறிக்கொண்டான்.

தனியாக இறங்கினேன்.
இறக்கத்தில் முள்ளுக்கு வேலையில்லை.
அஸ்தம்பட்டி சிக்னலில் மட்டும் கொஞ்சம் துடித்தது.
வீட்டு வாசலில் இஞ்சினை நிறுத்தி
சாவியை ஒரு படி மட்டும் போட்டு
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
ஊதா வெளிச்சத்தில் தொண்ணூற்றொன்று.
நிறுத்தின பிறகும் கொஞ்சம் ஏறும்,
ஓட்டம் நின்னுடுதில்ல, பயப்படாதீங்க
என்றும் ஜபருல்லா சொல்லியிருந்தார்.

தொண்ணூத்தி ரெண்டு, என்றேன்.
தொண்ணூத்தி நாலு.
பக்கத்து சீட்டில்
கவரை விட்டுப் போயிருந்தான்.